1943 ஆகஸ்ட் 5, காலை 9:35: சி மொழியில் ஒரு பிறந்த நேரம்

2023 ஆகஸ்டில் எங்கள் பெரியப்பாவுக்கு 80 வயது நிறைந்தது. வீட்டோடு ஒரு சின்ன விசேஷம். வந்திருந்த பசங்களில் ஒருத்தன் விளையாட்டாக அவருடைய பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் மொபைலில் ஒரு ஜாதக ஆப்பில் போட்டுப் பார்த்தான். கன்னி லக்னம் என்று வந்தது.

பெரியப்பாவுக்கு முகம் மாறிப்போச்சு. அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் சிம்ம லக்னம். "ஏன்டா கண்ணு, அப்ப எண்பது வருசமா எனக்குப் பார்த்த ஜோசியமெல்லாம் வேற எவனுக்கோ பார்த்ததா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சாப்பிடும்போது இன்னொரு தடவையும் கேட்டார்.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை உண்டா என்பது இங்கே விஷயம் இல்லை. லக்னம் என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருக்கும் ராசி. அதைக் கண்டுபிடிப்பது சுத்தமான வானியல் கணக்கு. ஒரே கணம், ஒரே இடம் என்றால் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரெண்டு விடை வந்தால், எங்கேயோ ரெண்டு கணம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இன்னொரு கணம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

தாத்தாவின் நோட்டு

பீரோவிலிருந்து தாத்தாவின் பழைய நோட்டை எடுத்தோம். தாத்தா பீளமேடு பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் வீட்டில் நேரம். பெரியப்பா பிறந்ததை இப்படி எழுதி வைத்திருந்தார்: சுபானு வருஷம், ஆடி மாசம், வியாழக்கிழமை, 5-8-1943, காலை மணி 9-35, உதயாதி நாழிகை 6.

ஒரே பிறப்புக்கு ரெண்டு விதமான நேரம் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று கடிகார மணி. இன்னொன்று உதயாதி நாழிகை, அதாவது சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை கழிந்தது என்பது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். 6 நாழிகை என்றால் 144 நிமிடம், 2 மணி 24 நிமிடம்.

ரெண்டும் சரி என்றால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். 9:35-இல் 2:24 போனால் 7:11. அதாவது அன்றைக்கு சூரியன் 7:11-க்கு உதித்திருக்க வேண்டும். இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோயம்புத்தூரில் வருஷத்தில் எந்த நாளிலும் சூரியன் ஏழு மணியைத் தாண்டி உதிப்பதில்லை. மிகவும் தாமதமாக உதிக்கும் ஜனவரிக் கடைசியிலேயே முக்கால் மணியை ஒட்டி, 6:45 வாக்கில் உதித்துவிடும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் 6:11 வாக்கில் உதயம்.

7:11, 6:11. சரியாக ஒரு மணி நேரம் இடிக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஜோசியர் ஒருவருக்கு ஃபோன் போட்டேன். வருஷத்தைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது யுத்த டைமுங்க தம்பி. ஒரு மணி நேரம் கழிச்சுப் போடோணும்."

நம்ம கடிகாரத்தின் கதை

இன்றைக்கு இந்தியா முழுக்க ஒரே நேரம், யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முன்னால். இது இயற்கை கொடுத்தது இல்லை, அரசாங்கம் வைத்தது. 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம், சூரியன் இருக்கும் நிலையை வைத்து எடுத்த கணக்கு. கோயம்புத்தூர் கிட்டத்தட்ட 77 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று போட்டால், நம்ம ஊர் சூரியன் நம்ம ஊர்க் கடிகாரத்தை விட சுமார் 22 நிமிடம் பின்னால் வருகிறது.

இதற்கு முன்னால் தென்னிந்தியாவுக்கு மெட்ராஸ் நேரம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் மெட்ராஸில் வானிலக்கூடம் கட்டியது. அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்காம் 1802-இல் மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு நேரத்தை நிர்ணயித்தார். கிரீன்விச்சை விட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். ரயில் வந்த பிறகு இந்த நேரம்தான் நாட்டின் பெரும்பகுதி ரயில்களுக்கும் நேரமானது. 1906 ஜனவரி 1-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அன்றைக்கு மெட்ராஸ் கடிகாரங்களை ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த தள்ளல் இரண்டாம் உலகப் போரில். 1942 செப்டம்பர் 1-இலிருந்து 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. யூடிசியை விட 5:30 இல்லை, 6:30. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. மில் சங்கும் புது நேரத்துக்கு ஊதியிருக்கும். தாத்தா எழுதிய 9-35 என்பது சங்கு நேரம். சூரியனுக்கு யுத்தம் தெரியாது என்பதால் நாழிகை மாறவில்லை. அன்றைக்கு ஜாதகம் எழுதியவர் ஒரு மணி நேரத்தைக் கழித்துத்தான் நாழிகை போட்டிருக்கிறார்.

நானும் லக்னத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 8:35-க்கு சிம்மத்தில் சுமார் 23 டிகிரி. 9:35-க்கு கன்னியில் 8 டிகிரியைத் தாண்டி வருகிறது. ஆப் எப்போதுமே 5:30-தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிந்திய வானத்தைப் பார்த்திருக்கிறது. பெரியப்பா சிம்ம லக்னம்தான்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு சி புரோகிராமர் என்கிற முறையில், இதை நான் எழுதியிருந்தால் சரியாக எழுதியிருப்பேனா என்று ஒரு கேள்வி வந்தது. எழுதிப் பார்த்தேன். தப்பாக வந்தது.

சி மொழி நேரத்தை எப்படி வைத்திருக்கிறது

(ஃபங்ஷன் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். சி எழுதுகிறவர்களுக்கு எது எது என்று தெரிந்துவிடும்.)

சி மொழியில் நேரத்துக்கு ரெண்டு முகம். ஒன்று டைம்-டி. இது ஒரே ஒரு எண். சி மொழித் தரம் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தில் 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்பதுதான் பொருள். அதற்கு முந்தைய காலம் மைனஸில் போகும். எந்த ஊர், எந்த அரசாங்கம் என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. இது ஒரு கணம், அவ்வளவுதான்.

இன்னொன்று ஸ்ட்ரக்ட் டிஎம். வருஷம், மாசம், தேதி, மணி, நிமிடம், நொடி, கிழமை என்று தனித்தனி அறைகள் உள்ள பெட்டி. சுவரில் மாட்டிய கடிகாரமும் காலண்டரும் காட்டுவது. இதில் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுந்த இடங்கள் ரெண்டு உண்டு. வருஷத்தை 1900-இலிருந்து எண்ண வேண்டும், 1943 என்றால் 43. மாசத்தை பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும், ஆகஸ்ட் என்றால் 7. தேதி மட்டும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறது. கிழமையில் ஞாயிறு பூஜ்ஜியம், வியாழன் 4.

எண்ணிலிருந்து பெட்டிக்குப் போக லோக்கல்டைம், ஜிஎம்டைம் என்று ரெண்டு ஃபங்ஷன். முதலாவது ஊர் நேரம் தரும், அடுத்தது யூடிசி தரும். பெட்டியிலிருந்து எண்ணுக்குப் போக எம்கேடைம். இது பெட்டியில் இருப்பதை ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். எந்த ஊர் என்பதை டிஇஸட் என்கிற சூழல் மாறி சொல்லும். நமக்கு அது ஏசியா/கொல்கத்தா.

நான் பண்ணியது இதுதான். ஒரு ஸ்ட்ரக்ட் டிஎம் எடுத்து, நல்ல பழக்கப்படி எல்லா அறையையும் முதலில் பூஜ்ஜியமாக்கினேன். பிறகு வருஷம் 43, மாசம் 7, தேதி 5, மணி 9, நிமிடம் 35 என்று நிரப்பி எம்கேடைமைக் கூப்பிட்டேன். விடை −833399700. யூடிசியில் பார்த்தால் அது காலை 4:05. அதாவது 9:35-இலிருந்து 5:30-ஐக் கழித்த விடை. ஆப் பண்ணிய அதே தப்பு! கிழமை மட்டும் 4, வியாழன் என்று சரியாக வந்திருந்தது.

முதலில் லினக்ஸுக்கு யுத்த நேரம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு எம்கேடைம் திருப்பிக் கொடுத்த பெட்டியை அச்சிட்டுப் பார்த்தேன். மணி 9 என்று கொடுத்திருந்தேன். அது 10 ஆகியிருந்தது.

அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான்தான் அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

பூஜ்ஜியம் என்பதும் ஒரு பதில்

அந்தப் பெட்டியில் கடைசிப் பக்கம் ஓர் அறை உண்டு. டிஎம்-இஸ்-டிஎஸ்டி. டேலைட் சேவிங் நடப்பில் இருக்கிறதா என்று சொல்லும் அறை. நேர் எண் என்றால் இருக்கிறது. பூஜ்ஜியம் என்றால் இல்லை. மைனஸ் என்றால் "எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்".

இந்தியாவில் டேலைட் சேவிங் கிடையாது என்பதால் நாம் யாரும் இந்த அறையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கும்போது இதுவும் பூஜ்ஜியமாகிவிடும். ஆனால் இங்கே பூஜ்ஜியம் என்றால் காலி என்று அர்த்தம் இல்லை. "நான் சொல்லும் 9:35 சாதாரண நேரம், யுத்த நேரம் இல்லை" என்று அடித்துச் சொல்வதாக அர்த்தம். எம்கேடைம் என்ன பண்ணும்? சரி, நீ சாதாரண நேரத்தில் 9:35 என்கிறாய், அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தில் அது 10:35 ஆக இருந்திருக்கும் என்று பணிவாகத் திருத்திக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அந்த ஓர் அறையில் −1 போட்டேன். விடை −833403300. யூடிசியில் காலை 3:05. பெட்டியில் மணி 9:35 அப்படியே இருந்தது. டேலைட் சேவிங் அறையில் 1 வந்திருந்தது. ரெண்டு விடைக்கும் வித்தியாசம் சரியாக 3600 நொடி. பெரியப்பாவின் சிம்மத்துக்கும் கன்னிக்கும் நடுவில் நின்றது இந்த ஓர் எண்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் சி எழுதியிருக்கிறேன். எத்தனை புரோகிராமில் இந்த அறையைப் பூஜ்ஜியமாகவே விட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இந்தியத் தேதி, 1945-க்குப் பிந்திய காலம் என்பதால் மாட்டாமல் தப்பித்திருக்கிறேன். அதே புரோகிராமை லண்டனிலோ டொராண்டோவிலோ ஓட்டினால் வருஷத்தில் பாதி நாள் ஒரு மணி நேரம் இடிக்கும்.

இது லினக்ஸ் கதை. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி நூலகத்தில் எம்கேடைம் 1970-க்கு முந்திய தேதியை ஏற்றுக்கொள்வதே இல்லை, −1 என்று கையை விரித்துவிடும். அந்த −1-இலும் ஒரு வேடிக்கை உண்டு. லினக்ஸில் −1 என்பது பிழைக்கான அடையாளம் மட்டும் இல்லை, நிஜமான ஒரு நேரமும்கூட: 1970 ஜனவரி 1 இந்திய நேரம் காலை 5:29:59. அந்த நொடியில் பிறந்தவர் யாராவது இருந்தால், அவர் பிறந்ததே பிழை என்று புரோகிராம் சொல்லும். இதற்கு ஒரு வழி: கூப்பிடுவதற்கு முன் கிழமை அறையில் −1 போட்டு வையுங்கள். கூப்பிட்ட பிறகு அது மாறியிருந்தால் வேலை நடந்திருக்கிறது, மாறாவிட்டால் நிஜமான பிழை.

யுத்த நேரத்தை லினக்ஸுக்குச் சொன்னது யார்?

இது சி மொழியின் அறிவு இல்லை. டிஇஸட் டேட்டாபேஸ் என்று ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பித்தது. பிறகு பால் எக்கர்ட் பராமரித்து வருகிறார். உலகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் தேதியில் எந்த அரசாங்கம் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தியது என்று சாதாரண எழுத்துக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கின்றன. கொல்கத்தா பகுதிக்கான வரிகளைப் படித்தால் நம்ம கடிகார வரலாறு அப்படியே இருக்கிறது. 1906 வரை மெட்ராஸ் நேரம் 5:21:10, பிறகு 5:30, யுத்தத்தில் 6:30, மறுபடி 5:30.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தியா முழுவதுக்கும் ஒரே பகுதிதான் உண்டு. கல்கத்தா நகரம் 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் சொந்த நேரத்தையும் விடாமல் வைத்திருந்தன. பம்பாயில் 1940-இல் பிறந்தவருடைய நேரம் எந்தக் கடிகாரத்தில் எழுதியது என்று டேட்டாபேஸ் சொல்லாது. குறிப்பு எழுதிய தாத்தாவைத்தான் கேட்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் இலங்கை. 1996 மே 25-இல் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 6:30 ஆக்கியது. அதே வருஷம் அக்டோபர் 26-இல் அரை மணி குறைத்து 6:00. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடியும் 5:30. இந்தப் பத்து வருஷமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய 5:30-ஐயே வைத்திருந்தன. ஒரே நாட்டில், ஒரே நாளில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி. ஏசியா/கொழும்பு என்று போட்டால் எம்கேடைம் கொழும்பு அரசாங்கத்தின் விடையைத்தான் தரும். 2000-இல் கிளிநொச்சியில் பிறந்து இன்றைக்கு வேறு ஏதோ நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் பிறந்த நேரத்துக்கு அது அரை மணி நேரம் தப்பாக இருக்கலாம். ஊர்ப் பெயர் மட்டும் போதாது, யாருடைய கடிகாரம் என்பதும் வேண்டும்.

நேரம் ஒன்று இல்லை, மூன்று

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தேதி, நேரம் என்று எது வந்தாலும், கோடு எழுதும் முன்னால் இது எந்த வகை என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வகை, கணம். சர்வரில் பதிவு விழுந்த நேரம், பணம் போன நேரம். இதற்கு டைம்-டி சரியான பொருள். யூடிசியில் வைத்து, காட்டும்போது மட்டும் ஊர் நேரத்துக்கு மாற்றலாம்.

ரெண்டாவது வகை, சுவர்க் கடிகாரம் சொன்னது. தாத்தாவின் 9-35 இந்த வகை. இதை எண்ணாக மாற்றி, மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எழுதியிருந்தது அப்படியே, அதோடு ஊர், அதோடு எந்தக் கடிகாரம். எண் வேண்டும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். நாளைக்கு டேட்டாபேஸில் ஒரு திருத்தம் வந்தால் மறுபடி கணக்கிடவும் முடியும். தாத்தா நாழிகையையும் சேர்த்து எழுதியிருக்காவிட்டால் எனக்குத் துப்பே கிடைத்திருக்காது.

மூன்றாவது வகை, வெறும் நாள். பிறந்த தேதி, ஓய்வு பெறும் தேதி. இதற்கு மணியே கிடையாது. இதை டைம்-டியில் அடைத்தால் கண்டிப்பாக வம்பு வரும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஊழியர்களின் பிறந்த தேதியை இந்திய நள்ளிரவாக மாற்றி எண்ணாக வைத்திருந்தார்கள். 1970 ஜனவரி 1 இந்திய நள்ளிரவு என்றால் எண் −19800. சர்வரை யூடிசியில் ஓடும் இன்னொரு இடத்துக்கு மாற்றினார்கள். இந்திய நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போச்சு. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மாசமே மாறிப்போச்சு. நம்ம ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜூன் 1 என்று பிறந்த தேதி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாம் மே 31 ஆனார்கள். ஓய்வு பெறும் மாசக் கணக்கு அதில்தான் போகிறது. ஒருத்தருக்கு ஒரு மாசச் சம்பளம் இடித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். வருஷம், மாசம், நாள் என்று மூன்று முழு எண்ணாக வைத்திருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை.

அந்த நாள் என்பதுகூட எங்கே ஆரம்பிக்கிறது? சி மொழிக்கு நள்ளிரவில். பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். வியாழக்கிழமை விடியற்காலை 2 மணிக்குப் பிறந்த குழந்தை பஞ்சாங்கத்துக்குப் புதன்கிழமைக் குழந்தை. மில்லில் போய்க் கேளுங்கள், அவர்களும் பஞ்சாங்கக் கட்சிதான். நைட் ஷிப்டில் விடியற்காலை 2 மணிக்கு இறக்கிய நூல் முந்தைய நாள் உற்பத்தியில்தான் சேரும். காலை முதல் ஷிப்ட் ஆரம்பித்தால்தான் மில்லுக்கு அடுத்த நாள். இதை மறந்து, கிழமை அறையை நேராக எடுத்து ரிப்போர்ட் போட்டால், நைட் ஷிப்ட் ஆளுடைய உழைப்பில் பாதி மறுநாள் கணக்கில் விழும். முதல் ஷிப்ட் ஆரம்பிக்கும் மணியைக் கழித்துவிட்டுத் தேதி எடுத்தால் சரியாக வரும்.

நாட்களைக் கூட்டுவதிலும் இதே கதைதான். ஒரு மண்டலம் விரதம், 48 நாள் கழித்து என்ன தேதி? 48-ஐ 86400-ஆல் பெருக்கி டைம்-டியில் கூட்டுவதுதான் கை தானாகப் போகும் வழி. இந்தியாவில் இன்றைக்கு அது சரியாகவே வரும். கடிகாரம் நகரும் நாட்டில், நடுவில் ஒரு நாளுக்கு 23 மணி நேரமோ 25 மணி நேரமோ வந்துவிட்டால் இடிக்கும். ஸ்ட்ரக்ட் டிஎம்மில் தேதி அறையில் 48-ஐக் கூட்டி, மதியம் 12 மணி என்று வைத்து, மறக்காமல் −1 போட்டு எம்கேடைமிடம் கொடுங்கள். ஆகஸ்ட் 53 என்று கொடுத்தால் அதுவே செப்டம்பர் 22 என்று மடித்துக் கொடுக்கும். எம்கேடைமின் மிக அழகான குணம் இதுதான், நாம் அதிகம் பயன்படுத்தாததும் இதுதான்.

எவ்வளவு நேரம் ஆச்சு என்று அளப்பதற்கு இந்த எதையுமே தொடாதீர்கள். மெஷின் எத்தனை நிமிடம் ஓடியது என்பதற்கு, கிளாக்-கெட்டைமில் மோனோடோனிக் கடிகாரத்தைக் கேளுங்கள். நெட்வொர்க்கிலிருந்து நேரம் சரி செய்யப்பட்டாலும் அது பின்னால் போகாது. சுவர்க் கடிகாரத்தைக் கழித்துக் கழித்து எழுதிய ஒரு புரோகிராமில், மெஷின் மைனஸ் மூன்று நிமிடம் ஓடியதாக ரிப்போர்ட் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

2038-இல் மெட்ராஸ் நேரம்

கடைசியாக ஒன்று. டைம்-டி 32 பிட்டாக இருக்கும் பழைய போர்டுகளில் அந்த எண் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும். பொங்கல் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை. பெரும்பாலான மில்களில் முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். நிரம்பிய அடுத்த நொடி எண் கடைக்கோடி மைனஸுக்குப் போய்விடும். யூடிசியில் அது 1901 டிசம்பர் 13. டேட்டாபேஸின்படி 1901-இல் நமக்கு என்ன நேரம்? மெட்ராஸ் நேரம். ஆக, கொல்கத்தா பகுதி வைத்து ஓடும் புரோகிராம் 1901 டிசம்பர் 14, அதிகாலை 2:07:02 என்று காட்ட வேண்டும். கோல்டிங்காமின் கடிகாரம் ஒருமுறை திரும்பி வரும்.

வேடிக்கையாக இருந்தாலும், நம்ம பக்கத்துப் பட்டறைகளில் இன்றைக்கு மாட்டுகிற கன்ட்ரோலர் பதினைந்து வருஷம் ஓடுவது சாதாரணம். 32 பிட் லினக்ஸ் என்றால், 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-இலிருந்து 64 பிட் டைம்-டி கேட்டு வாங்கிக் கம்பைல் பண்ண வழி இருக்கிறது. இப்போது எழுதுகிறவர்கள் இப்போதே பண்ணிவிடுவது நல்லது.

பெரியப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டைம்-டி எல்லாம் சொல்லவில்லை. யுத்தத்தின்போது சர்க்கார் மணியைத் தள்ளி வைத்தது, மொபைலுக்கு அது தெரியவில்லை, நோட்டில் இருக்கும் நாழிகைதான் சரி என்று மட்டும் சொன்னேன். நோட்டை வாங்கித் தாத்தாவின் கையெழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். "எங்கப்பன் ரெண்டாங்கிளாஸ்தான் படிச்சவரு. ஆனா ரெண்டு விதமா எழுதி வெச்சிருக்கார் பாரு" என்றார்.

என் புரோகிராமில் பிறந்த நேரத்துக்கு இப்போது ஓர் அறை கூடுதலாக இருக்கிறது: "நோட்டில் எழுதியிருந்தது என்ன?" அதில் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்திருக்கிறேன். மற்ற எல்லா அறையும் அதிலிருந்து கணக்கிடுவதுதான்.